ஒற்றைக் கயிற்றில் ஒரு பெருமீன்

பழைய அமெரிக்க வீடுகளின் ஜன்னல்களை நீங்கள் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிச் சட்டத்தை மேலே தள்ளினால் அது தள்ளிய இடத்திலேயே நிற்கும். சட்டத்தின் இரு பக்கங்களிலும் மரத்துக்குள் மறைவாக ஒரு பருத்திக் கயிறு ஓடுகிறது. அதன் நுனியில் தொங்கும் இரும்புக் குண்டுதான் சட்டத்தை விழாமல் தாங்குகிறது. சுண்டுவிரல் பருமனுக்கு மேல் போகாத, நெருக்கமாகப் பின்னிய கயிறு அது. வாசகர்களே, அந்தக் கயிற்றின் நுனியில் ஒரு முள்ளைக் கட்டிக் கடலில் விட்டு, உங்களைப்போலப் பத்து மடங்கு எடையுள்ள ஒரு மீனை வெறுங்கையால் பிடிக்க முடியுமா?

பிடித்திருக்கிறார்கள். கியூபாவின் வடகரையில், ஹவானா நகருக்கு மேற்கே, கபானியாஸ் என்று ஒரு துறை இருக்கிறது. அங்கிருந்து ஒரு கிழவர் சிறு படகில் தனியே மீன்பிடிக்கப் போனார். மிகப் பெரிய மார்லின் மீன் ஒன்று அவருடைய தூண்டிலை விழுங்கிற்று. அவர் கையிலிருந்தது அந்த ஜன்னல் கயிறுதான். மீன் ஆழத்தில் நீந்திப் படகைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டே போயிற்று. ஒரு பகல், ஓர் இரவு, மறு பகல், மறு இரவு. கடைசியில் மீன் மேலே வந்தபோது கிழவர் படகை அதன் அருகே கொண்டுபோய் ஈட்டியால் குத்தினார். படகில் ஏற்ற முடியாத மீனைப் பக்கவாட்டில் கட்டினார். சுறாக்கள் வந்தன. தடியால் அடித்தும் துடுப்பால் குத்தியும் போராடிப் பார்த்தார். அறுபது மைல் கிழக்கே வேறு மீனவர்கள் அவரைக் கண்டெடுத்தபோது மீனில் பாதிகூட மிஞ்சவில்லை. மிஞ்சியதே 800 பவுண்டு, அதாவது சுமார் 360 கிலோ இருந்ததாம். கிழவர் படகில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சுறாக்கள் இன்னும் படகைச் சுற்றிக்கொண்டிருந்தன.

இதை எழுதியவர் எர்னஸ்ட் ஹெமிங்வே. 1936 ஏப்ரல் மாதத்து 'எஸ்குயர்' இதழில், கடல் மீன்பிடிப்பைப் பற்றிய ஒரு கட்டுரையின் நடுவே, ஒரே பத்தியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கார்லோஸ் குத்தியேரஸ் என்ற கியூப மீனவர் அவருக்குச் சொன்ன செய்தி இது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1952-இல், அந்தப் பத்தி ஒரு சிறு நாவலாக வளர்ந்தது. 'கடலும் கிழவனும்' என்ற பெயரில் தமிழிலும் பலர் படித்த கதைதான். 1953-இல் புலிட்சர் பரிசும், 1954-இல் நோபல் பரிசும் அதன் ஆசிரியருக்குக் கிடைத்தன.

கதையின் சிறப்பைப் பற்றிப் பேச இலக்கிய இதழ்கள் இருக்கின்றன. நாம் இங்கே கயிற்றைப் பற்றிப் பேசுவோம். கபானியாஸ் கிழவர் செய்தது நடக்கக்கூடியதா? நடக்கும் என்றால், எந்த விதிகளின்படி நடந்தது? அந்த விதிகளை அவர்கள் எப்படிக் கற்றார்கள்?

நீல ஆறு

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஹவானாவுக்கு எதிரே கடல் மிக விரைவில் ஆழமாகிவிடுகிறது. கரையிலிருந்து சற்றுத் தொலைவிலேயே தண்ணீரின் நிறம் பச்சையிலிருந்து கருநீலமாக மாறும். அதுதான் வளைகுடா நீரோட்டம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து புறப்பட்டுக் கியூபாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் இடையே கிழக்கு நோக்கிப் பாய்ந்து, பிறகு வடக்கே திரும்பும் வெந்நீர் ஆறு அது. நம் கடற்கரை மீனவர்கள் 'நீவாடு' என்பார்களே, அப்படி ஒரு நீவாடுதான். ஆனால் பெரிய நதிகளெல்லாம் சேர்ந்தாலும் ஈடாகாத அளவு நீர் அதில் ஓடுகிறது. காற்றோ கிழக்கிலிருந்து, நீரோட்டத்துக்கு எதிராக வீசுகிறது.

ஹவானாவுக்குக் கிழக்கே இருக்கும் கோஹிமார் போன்ற சிற்றூர்களின் மீனவர்கள் இந்த இரண்டையும் பயன்படுத்திக்கொண்டார்கள். விடியுமுன் துடுப்புப் போட்டு நீல நீருக்குள் போய்விடுவார்கள். பிறகு துடுப்பை வைத்துவிட்டு, நீரோட்டம் கொண்டுபோகிற போக்கில் மிதப்பார்கள். திரும்பி வரும்போது பாயை விரித்தால் காற்று கொண்டுவந்து சேர்க்கும். எஞ்சின் இல்லாத படகுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. மிதக்கும்போது மூன்று நான்கு கயிறுகளை வெவ்வேறு ஆழத்தில் தொங்கவிடுவார்கள்: ஒன்று நாற்பது பாகத்தில், மற்றொன்று எழுபதில், இன்னொன்று நூறையும் தாண்டி. (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம், ஏறத்தாழ ஆறு அடி.) ஒவ்வொரு கயிற்றையும் பச்சைக் குச்சி ஒன்றில் ஒரு மடிப்பாகச் சுற்றி வைத்திருப்பார்கள். கீழே மீன் தொட்டால் குச்சி தலையாட்டும். மீதிக் கயிறு படகின் அடியில் சுருளாகக் கிடக்கும். ஒரு சுருள் தீர்ந்தால் அடுத்த சுருளை முடிந்துவிடலாம்.

இந்த நீரோட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கபானியாஸ் கிழவரின் பயணத்தை மறுபடியும் கணக்கிடுங்கள். அறுபது மைல் என்பது ஏறத்தாழ 96 கிலோ மீட்டர். இரண்டு பகல், இரண்டு இரவு, அதாவது 48 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 2 கிலோ மீட்டர். மனிதன் நிதானமாக நடக்கும் வேகத்தில் பாதிதான் அது. வளைகுடா நீரோட்டமே அந்தப் பகுதியில் அந்த அளவுக்குக் குறையாமல் ஓடக்கூடியது. அப்படியானால் கிழவரை அறுபது மைல் கிழக்கே கொண்டுபோனது மீனின் வலிமை மட்டும் அன்று. மீனையும் படகையும் இடைக் கயிற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அந்த நீல ஆறு போயிற்று. மீன் செய்ததெல்லாம் கரையிலிருந்து விலகி இழுத்ததுதான். கேட்டவர்கள் மிரண்டுபோகும் தொலைவில் பெரும்பகுதி நீரோட்டத்தின் கணக்கில் சேர வேண்டியது.

இதனால் மீனின் பெருமை குறைந்துவிடாது. ஆனால் அதைப்பற்றிய சில புளுகுகள் குறையலாம். மயில்மீன் மணிக்கு 110 கிலோ மீட்டர் வேகத்தில் நீந்தும் என்று பொது அறிவு நூல்களில் படித்திருப்பீர்கள். ஃபுளோரிடாவில் ஒரு தூண்டில் முகாமில், முள்ளில் சிக்கிய மீன் உருளையிலிருந்து கயிற்றை எவ்வளவு நேரத்தில் உருவிக்கொண்டு போயிற்று என்று கணக்கிட்டுச் சொன்ன எண் அது. கயிறு உருவும் வேகமும் மீன் நீந்தும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லையே! 2016-இல் மயில்மீனின் தசைகள் எவ்வளவு விரைவாகச் சுருங்கி விரிய முடியும் என்று அளந்து பார்த்த ஆய்வாளர்கள், மணிக்கு 30 கிலோ மீட்டருக்குச் சற்று மேலே போவதே அதன் எல்லையாக இருக்கலாம் என்றார்கள். மயில்மீனின் பெரிய உறவினரான நீல மார்லினோ அன்றாட வாழ்வில் இன்னும் நிதானமானது. ஹவாய் தீவுகளுக்கு அருகே அதன்மீது வேகமானியைப் பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வு 1992-இல் வெளியாயிற்று. பெரும்பாலான நேரம் அது வினாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே நீந்தியது.

கயிற்றின் கணக்கு

கைத்தூண்டில் எவ்வளவு பழையது என்று சொல்லுவது கடினம், நார்க்கயிறு மட்கிப்போகும். முள் மட்டும் மிஞ்சும். ஜப்பானின் ஓகினாவா தீவுக் குகை ஒன்றில் கிடைத்த சிப்பி முட்கள் 23,000 ஆண்டுகள் பழையவை. கிழக்குத் தீமோரில் ஜெரிமலாய் என்ற குகையில் 42,000 ஆண்டுகளுக்கு முந்தைய சூரைமீன் எலும்புகள் கிடைத்தன. அவை பெரும்பாலும் சிறு மீன்களின் எலும்புகள் ஆகையால், தூண்டிலில் பிடித்தவையா, வேறு வழியில் பிடித்தவையா என்று வாதம் நடந்தது. எப்படியானாலும் முள்ளும் கயிறும் கையும் சேர்ந்த இந்தக் கருவி, உழவைவிட மூத்தது.

இவ்வளவு எளிய கருவி பெரிய மீனிடம் அறுந்துபோகாமல் இருப்பது எப்படி? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தையல் நூல் ஒன்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டுங்கள். மெதுவாகத் தூக்கினால் நூல் கல்லைத் தாங்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். எடை மாறவில்லை, வேகம் மாறிய வேகம்தான் வேறு. மீனும் அப்படித்தான். அது அமைதியாக இழுக்கும்போது கயிற்றுக்கு ஆபத்தில்லை. திடீரென்று பாயும்போதுதான் ஆபத்து. ஆகவே கயிற்றைப் படகின் கட்டையில் இறுகக் கட்டிவைத்தவன் மீனை இழந்தான். படகு கனமானது; மீன் பாய்ந்த அதே நொடியில் அது உடன் பாயாது. இடையில் சிக்கிய கயிறுதான் அறும். கட்டாமல் கையில் பிடித்திருந்தவனோ, மீன் பாயும்போது விட்டுக்கொடுத்தான், ஓய்ந்தபோது இழுத்துக்கொண்டான். மனிதனின் கையும் முதுகும் இங்கே ஒரு சுருள்வில்லின் வேலையைச் செய்தன.

கையால் மட்டும் எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? இருபது கிலோ விசையைச் சில நிமிடம் தாங்கலாம். இரண்டு நாள் தாங்க முடியாது. இங்கே உதவிக்கு வருவது உராய்வு. கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் கை நோகாது என்பது கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இதற்கு ஒரு சூத்திரம் கண்டார். கயிறு சுற்றியிருக்கும் கோணம் கூடக்கூட, தாங்கும் விசை கூட்டல் முறையில் அல்ல, பெருக்கல் முறையில் ஏறுகிறது. உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 6.6 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு! கையால் 5 கிலோ விசை கொடுத்தால், ஒரு சுற்றின் மறுபக்கத்தில் 33 கிலோவைத் தாங்கலாம். கயிற்றை முதுகின் குறுக்கே அரைச்சுற்றாகப் போட்டுக்கொண்டால்கூட இரண்டரை மடங்கு கிடைக்கும். கதையில் வரும் கிழவன் கயிற்றைத் தோளிலும் முதுகிலும் சாத்திக்கொள்கிறானே, அது துயரத்தைக் காட்டும் வர்ணனை மட்டும் அல்ல, தேர்ந்த இயற்பியலும்கூட. என்ன, மரக்கட்டைக்குப் பதில் தோல் தேய்கிறது.

கயிற்றின் பருமனும் இங்கே முக்கியம். நைலான் 1938-இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மீனவர் கைக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு முன் பருத்தி, சணல், ஆளி நார்கள்தாம். பருத்தி நார் நனைந்தால் வலிமை கூடுகிறது என்பது பலரும் அறியாத செய்தி. நைலானோ நனைந்தால் சற்று வலிமை குறையும். அதே வலிமைக்கு நைலான் இழை மிக மெல்லியதாக இருக்கும், மட்காது, ரப்பர்போலக் கொஞ்சம் நீளும். நம் கடற்கரையில் 'தங்கூசி' என்று பெயர் பெற்று அது வந்தபின் பழைய கயிறுகளுக்கு வேலை போயிற்று. ஆனால் வெறுங்கையில் பிடிப்பவனுக்கு ஒரு தொல்லை. விசை ஒன்றே ஆனாலும், பரப்பு குறையக் குறைய அழுத்தம் கூடும். மெல்லிய இழை கத்திபோல விரலை அறுத்துவிடும். ஜன்னல் கயிற்றைத் தேடிப் பிடித்த கியூப மீனவர், அது கிடைத்த விலைக்காக மட்டும் பிடித்திருக்க மாட்டார்.

இனிப் படகு. கயிற்றின் மறுமுனையில் இருப்பது கரையில் நட்ட கம்பம் அல்ல, மிதக்கும் மரப்படகு என்பதில்தான் சூட்சுமத்தின் பெரும்பகுதி இருக்கிறது. நீரில் ஒரு பொருளை இழுத்தால் ஏற்படும் தடை, ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மீன் இரு மடங்கு வேகமாகப் போனால் படகின் தடை நான்கு மடங்கு. மீன் எந்த அளவு முயல்கிறதோ அதைவிடக் கூடுதலாகவே படகு அதைத் தண்டிக்கிறது. மீன் ஓய்ந்தால் படகும் ஓய்கிறது. யாரும் கை வைக்காமலே இயங்கும் நல்லதொரு தடைக்கருவி!

கடைசிக் கட்டத்தில் இன்னொரு நுணுக்கம். மேலே சொன்ன பத்தியில் கிழவர் மீனைப் படகுக்கு இழுக்கவில்லை; கயிற்றைப் பற்றிப் படகை மீனிடம் இழுத்துக்கொண்டு போனார். நீரில் ஆழ உட்கார்ந்து எதிர்த்து நிற்கும் மீனைவிட, மேலே மிதக்கும் வெறும் படகு எளிதாக நகரும். வேலை குறைவு, கயிற்றுக்கு ஆபத்தும் குறைவு.

மீன் ஏன் களைக்கிறது?

கயிறு அறாது என்பது சரி. மீன் ஏன் தோற்க வேண்டும்? ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். மீன் சராசரி 10 கிலோ விசையில் இழுக்கிறது, நீரில் வினாடிக்கு அரை மீட்டர் நகர்கிறது என்று கொள்ளுங்கள். அது 50 வாட் வேலை. ஒரு சிறு மின்விளக்கின் அளவு. 48 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2,000 கிலோ கலோரி வருகிறது. 600 கிராம் அரிசியில் இருக்கும் ஆற்றல்தான் அது! தசை தான் எரிப்பதில் ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றும் என்று கொண்டால்கூட மூன்று கிலோ அரிசி. நானூறு ஐந்நூறு கிலோ எடையுள்ள மீனுக்கு இது பெரிய செலவே அல்ல. கையிருப்பில் எரிபொருள் எவ்வளவோ மிஞ்சியிருக்கும்.

அப்படியும் களைக்கிறது என்றால், தட்டுப்பாடு வேறெங்கோ இருக்கிறது. மீனை அறுக்கும்போது பாருங்கள்: பக்கவாட்டில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டையும், மற்றதெல்லாம் வெளிறிய சதையுமாக இருக்கும். சிவந்த தசை உயிர்வளியை வாங்கி எரித்து, நாள் முழுதும் சோர்வின்றி உழைக்கும். வெளிறிய தசை திடீர்ப் பாய்ச்சலுக்கு உரியது. அது உயிர்வளிக்குக் காத்திராமல் சேமிப்புச் சர்க்கரையை உடைத்து வேகம் தரும். பதிலுக்கு லாக்டிக் அமிலம் சேர்ந்துவிடும். அதைத் தீர்க்க மணிக்கணக்கில் ஓய்வு வேண்டும். முள் தைத்த மீன் மிரண்டு முதலில் செலவழிப்பது இந்த வெளிறிய தசையைத்தான்.

மார்லினுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குளத்துக் கெண்டையைப்போல அது செவுள் மூடியை அசைத்து மூச்சு விடுவதில்லை. வாயைத் திறந்துகொண்டு முன்னோக்கி நீந்துவதால் செவுளுக்குள் தண்ணீர் பாய்கிறது. அதுதான் அதன் மூச்சு. நின்றால் மூச்சு முட்டும். கயிறு தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தால், பாய்ந்து தீர்த்த கடனை அடைக்கத் தேவையான உயிர்வளி போதிய அளவு கிடைக்காது. ஓய்வெடுக்க விடாமல், ஆனால் வெறிகொண்டு பாயவும் விடாமல் பிடித்திருப்பது. அந்த மீனவர்களின் கலை இவ்வளவுதான். மீனை வென்றது மீனின் வலிமையே.

இந்தப் பெருமீன்களின் உடலில் இன்னொரு வியப்பும் இருக்கிறது. மீன்கள் குளிர்ந்த இரத்தம் உள்ளவை என்று பள்ளியில் படித்தோம். 1835-இலேயே அதில் ஒரு விரிசல் விழுந்தது. ஜான் டேவி என்ற மருத்துவர், கடல் 80.5 பாரன்ஹீட் டிகிரியில் இருக்கையில் அப்போது பிடித்த சூரையின் உடல் 99 டிகிரி இருந்ததை எழுதினார். இவர் 1816 முதல் 1820 வரை இலங்கையில் படை மருத்துவராக இருந்து அத்தீவைப் பற்றி நூல் எழுதியவர். மார்லினின் உடல் சூரையைப்போல வெப்பமானதல்ல. ஆனால் 1982-இல் ஃபிராங்க் கேரி என்ற அமெரிக்க ஆய்வாளர் அதன் இனத்தில் வேறொன்றைக் காட்டினார். கண்ணைச் சுழற்றும் தசை ஒன்று சுருங்கும் வேலையையே விட்டுவிட்டு, மூளைக்கும் கண்ணுக்கும் அடியில் ஓர் அடுப்பாக மாறியிருக்கிறது. குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கும்போது உடல் குளிர்ந்தாலும் கண்ணும் மூளையும் வெதுவெதுப்பாகவே இருக்கும். வெதுவெதுப்பான கண் வேகமாக நகரும் இரையைத் தெளிவாகக் காணும். ஒளி மங்கிய ஆழத்திலும் தொங்கும் இரையை மார்லின் தேடி வரும் என்று நம்பி, வெவ்வேறு ஆழத்தில் கயிறு விட்ட மீனவர்கள் ஏமாறவில்லை.

கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்

1934-இல் ஃபிலடெல்ஃபியா இயற்கை அறிவியல் அகாடமியின் இயக்குநர் சார்லஸ் காட்வாலடரும், மீனியல் அறிஞர் ஹென்றி ஃபௌலரும் ஹவானா வந்தார்கள். ஹெமிங்வேயின் 'பிலார்' படகில் சென்று மார்லின்களை அளந்தார்கள், வரைந்தார்கள். அந்தக் காலத்தில் மார்லின் வகைகள் பற்றிய அறிவு அவ்வளவு குழப்பமாக இருந்தது. வெள்ளை, வரி, நீலம், கறுப்பு என்று மீனவர்கள் பிரித்த வகைகள் எல்லாம் வெவ்வேறு இனங்களா, அல்லது ஒரே மீனின் வயது மாற்றங்களா? எல்லாம் ஒரே இனமாக இருக்கலாம், மிகப் பெரிய கறுத்த மீன்கள் முதிர்ந்த பெண்மீன்களாக இருக்கலாம் என்று ஹெமிங்வே அதே ஆண்டில் ஊகித்து எழுதினார். முதல் பாதி தவறு. வெள்ளை மார்லினும் நீல மார்லினும் தனித்தனி இனங்களே. இரண்டாம் பாதி சரி. நீல மார்லினில் ஆண் 150 கிலோவைத் தாண்டுவது அரிது. அதற்கு மேலே போகும் பூதங்கள் ஏறத்தாழ எல்லாமே பெண்.

இதை ஹெமிங்வேக்கு நினைக்கக் கற்றுக் கொடுத்தது எது? சந்தைக்கு வரும் மீன்களை நாள்தோறும் கத்தியால் பிளந்தவர்களின் அனுபவம்தான். கார்லோஸ் குத்தியேரஸ் சிறுவனாகத் தந்தையோடு மார்லின் பிடிக்கப் போனவர். ஆயிரக்கணக்கான மீன்களின் வயிற்றைப் பார்த்தவர். எந்த மாதத்தில் எந்த வகை வரும், நிலவு எப்படி இருந்தால் வரும், நீரோட்டத்துக்கு எதிராக எந்தத் திசையில் போகும் என்பதெல்லாம் அவர் மனப்பாடமாக வைத்திருந்த செய்திகள். 1935-இல் ஃபௌலர் ஒரு புதிய மீனினத்துக்குப் பெயர் சூட்டினார்: 'நியோமெரிந்தே ஹெமிங்வேயி'. முட்கள் நிறைந்த, சிவந்த, சிறிய மீன். கார்லோஸின் பெயரால் ஒரு மீன் இருக்கக்கூடாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பெயர் விடுபட்டது இங்கே மட்டும் அல்ல. பெருமீன் பிடிப்பு பணக்காரர்களின் விளையாட்டானது கலிஃபோர்னியாவில். சார்லஸ் ஹோல்டர் என்பவர் 1898-இல் கேட்டலினா தீவில் 183 பவுண்டுச் சூரை ஒன்றைக் கோலும் உருளையும் கொண்டு பிடித்தார். அதே ஆண்டில் அங்கே சூரை மன்றம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு முன் அந்தக் கரையில் தடித்த கைக்கயிற்றில் மீன்களை மளமளவென்று இழுத்துப் போடுவதைக் கண்டு அவர் மனம் நொந்திருந்தார். மெல்லிய நூலில் பிடித்தால்தான் மீனுக்கும் தப்ப வாய்ப்பு உண்டு, அதுதான் நேர்மையான ஆட்டம் என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கைதான். மீன் தப்பினாலும் இரவுச் சாப்பாடு தப்பாதவர்களுக்கு மிகவும் ஏற்றது.

1939-இல் பன்னாட்டு விளையாட்டு மீன் சங்கம் நியூயார்க்கில் அமெரிக்க இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தில் பிறந்தபோது, விதிகள் கோலையும் உருளையையும் அடிப்படையாகக் கொண்டன. கைக்கயிற்றில் பிடித்த மீன் சாதனைப் பட்டியலில் ஏறாது. பட்டியலில் இருப்பவை இப்படிப்பட்டவை: 1953-இல் பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசல் பிடித்த 1,560 பவுண்டுக் கறுப்பு மார்லின், 1992-இல் பிரேசிலில் பிடித்த 1,402 பவுண்டு அட்லாண்டிக் நீல மார்லின். அந்த இரண்டாவது எண் 636 கிலோ. கபானியாஸ் கிழவரின் மீனில் பாதிக்கும் குறைவானதே 360 கிலோ என்றால், முழு மீன் 720 கிலோவுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். அட்லாண்டிக் சாதனையை அது சுலபமாகத் தாண்டிவிடும். மிகையாகச் சொன்னார்களோ? இருக்கலாம், கண்டவர் சொல்லக் கேட்டவர் சொன்ன எடை அது. ஆனால் நடக்காத அளவு என்று தள்ளிவிடவும் முடியாது. 1970-இல் ஹவாயில் பிடிபட்ட நீல மார்லின் ஒன்று 1,805 பவுண்டு, அதாவது 819 கிலோ இருந்தது. பலர் மாறி மாறிக் கோலைப் பிடித்ததால் அதுவும் சாதனையாக ஏற்கப்படவில்லை.

கியூபக் கிழவரின் மீனைத் தராசில் வைக்க இயலாமற் போனதற்குக் காரணம் சுறா. அதற்கும் அடிப்படை அந்தச் சிறு படகு. மீனைக் களைக்கச் செய்த அதே சின்னப் படகால், பிடித்த மீனைத் தூக்கி உள்ளே வைக்க முடியாது. பக்கத்தில் கட்டி, இரத்தம் சிந்தச் சிந்தப் பாய் விரித்து வர வேண்டும். தனி மனிதன் வெல்லக்கூடிய மீனுக்கு ஓர் எல்லை இருந்தது. கரைக்குக் கொண்டு சேர்க்கக்கூடிய மீனுக்கு வேறோர் எல்லை, முன்னதைவிட மிகச் சிறியது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட கிழவர், ஒரு பருவத்தின் வருமானம் கண்ணெதிரே துண்டு துண்டாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெமிங்வே அந்தப் பத்தியில் அவர் பெயரைக் குறிக்கவில்லை. பின்னாளில் 'பிலார்' படகின் தலைவராக இருந்த கிரகோரியோ ஃபுயெந்தஸ்தான் அந்தக் கிழவன் என்று பல பத்திரிகைகள் எழுதின. அவர் 1897-இல் பிறந்து 2002-இல் 104-ஆம் வயதில் கோஹிமாரில் இறந்தார். 1936-இல் அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

பிறகு

1950-களின் பிற்பகுதியில் அட்லாண்டிக்கில் ஜப்பானியக் கப்பல்கள் நெடுந்தூண்டிலோடு வந்தன. பல பத்துக் கிலோ மீட்டர், சில வேளை நூறு கிலோ மீட்டர் நீளமுள்ள ஒரே கயிறு; அதில் கிளைக்கயிறுகள்; ஒவ்வொன்றிலும் ஒரு முள்; ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில். தேடியது சூரையை. ஆனால் முள்ளுக்கு மார்லின் எது, சூரை எது என்று தெரியாது. வேறு நாடுகளும் பின்தொடர்ந்தன. நீல மார்லின் தொகை சரிந்தது. 1966-இல் கையெழுத்தாகி 1969-இல் நடைமுறைக்கு வந்த அட்லாண்டிக் சூரைமீன் பாதுகாப்பு உடன்படிக்கையின்கீழ் இயங்கும் பன்னாட்டு ஆணையம் மார்லினையும் கண்காணிக்கிறது. 2019-இல் அது அட்லாண்டிக் முழுவதிலும் ஆண்டுக்கு 1,670 டன் நீல மார்லினுக்கு மேல் கரையிறக்கக் கூடாது என்று வரம்பு கட்டிற்று.

கைத்தூண்டில்காரர்கள் குற்றமற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆழத்தில் தொங்கும் இரையை மீன் நன்றாக விழுங்கட்டும் என்று கயிற்றைத் தளர்த்துவது அவர்கள் வழக்கம். முள் வயிற்றில் தைக்கும். கயிறு அறுந்து தப்பிய மீனும் பிழைப்பது அரிது. ஆனால் ஒரு படகு, இரண்டு கை, ஒரு நாளில் ஒரு பெருமீன். அதற்குமேல் பிடிக்க ஆசைப்பட்டாலும் உடம்பு இடங்கொடுக்காது.

1961-இல் ஹெமிங்வே இறந்தார். மறு ஆண்டு கோஹிமார் மீனவர்கள் கோட்டைக்கு எதிரே அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை வைத்தார்கள். வெண்கலம் வாங்கப் பணம் இல்லை. படகுகளின் பழைய விசிறிகளையும் பித்தளைச் சாமான்களையும் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்து உருக்கி வார்த்தார்கள்.

ஹவானாவின் கடற்கரைச் சாலைக்கு எதிரே, 2000-க்குப் பின்னரும், படகு வாங்க வசதியோ அனுமதியோ இல்லாத சிலர் வேறொரு வழி கண்டார்கள். பெட்டிகளில் பொருள் உடையாமலிருக்க வைக்கும் தெர்மாகோல் பலகைகளை அடுக்கிக் கட்டி, ஒருவர் மட்டும் உட்காரும் தெப்பம் செய்துகொண்டு நீல நீருக்குள் போனார்கள். ஸ்பானிய மொழியில் தக்கைக்குரிய சொல்லைக்கொண்டு அவர்களைக் 'கோர்ச்செரோ', தக்கைக்காரர், என்று அழைக்கிறார்கள். கையில் ஒரு சுருள் கயிறு, முள், இரை. பெரிய மீன் மாட்டினால் தெப்பம் அதன் பின்னே போகும். அவர் கயிற்றைக் கட்டிவைக்க மாட்டார்.